அதிர்வில் மின்சாரம்: எண்ணோடு வருபவருக்கே வேலை

அபிராமத்திலோ கமுதியிலோ இருந்தபடி கோர் வேலை தேடுகிறீர்களா? கையில் எலக்ட்ரானிக்ஸ் அல்லது மெக்கானிக்கல் டிகிரி இருக்கிறதா? உங்கள் ரெஸ்யூமேயை எடுத்துப் பாருங்கள். ‘ஐஓடி’ என்ற சொல்லோடு ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட் இருக்கும். இன்டர்வியூ எடுப்பவர் மேஜையில் உள்ள அத்தனை ரெஸ்யூமேயிலும் அது இருக்கும். கூட்டத்தில் நின்றால் கூட்டத்தின் சம்பளம்தான் கிடைக்கும். குறுகலான ஒரு துறையைப் பிடியுங்கள். அதில் உங்கள் கையால் அளந்த எண் ஒன்று இருக்கட்டும்.

அப்படி ஒரு துறை வைப்ரேஷன் எனர்ஜி ஹார்வெஸ்டிங். ஓடும் மோட்டார், ரயில் சக்கரம், பாலம் ஆகியவற்றின் அதிர்விலிருந்து மில்லிவாட் அளவில் மின்சாரம் எடுத்து, வயர்லெஸ் சென்சாரை பேட்டரி மாற்றாமல் ஓட்டுவதுதான் இதன் வேலை. தேவை எங்கே என்று தேடி அலைய வேண்டாம். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பர் 23 முதல் ரயில் போக்குவரத்து நின்றது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதியின் அதிர்வைக் கண்காணித்த சென்சார்கள் எச்சரிக்கை கொடுத்ததுதான் காரணம். அதிர்வைப் படிக்கும் சென்சாருக்கு அந்த அதிர்வே மின்சாரம் தர முடியுமா? இந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறைவுதான் உங்கள் வாய்ப்பு.

கீழே உள்ள 11 படிகளில் டெக்னிக்கும் கேரியரும் கலந்தே வரும். இந்தத் துறையில் இரண்டையும் பிரிக்க முடியாது.

1. முதலில் போட்டியாளரை எடை போடுங்கள்

ஹார்வெஸ்டருக்கு இரண்டு எதிரிகள்: சோலார், பேட்டரி. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

சோலாரின் பலம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டர் சோலார் செல் 18 மில்லிவாட் வரை தரும். நல்ல அதிர்வு ஹார்வெஸ்டர் தருவது ஓரிரு மில்லிவாட். ஆகவே வெயில் படும் இடத்தில் போட்டி போடாதீர்கள். மோட்டார் கவசத்துக்குள், படகின் இன்ஜின் அறையில், ரயில் பெட்டிக்கு அடியில் எனச் சூரியன் எட்டாத இடமே உங்கள் மார்க்கெட்.

அடுத்தது பேட்டரி. ஒரு சென்சார் ஒரு தடவை அளந்து அனுப்ப 3.3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர், 100 மில்லி செகண்ட் தேவை என்று வையுங்கள். அது 6.6 மில்லிஜூல். 10 நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினால், ஸ்லீப் கரண்ட் 2 மைக்ரோ ஆம்பியரையும் சேர்த்துச் சராசரி 18 மைக்ரோவாட்தான். டபுள் ஏ அளவுள்ள 3.6 வோல்ட், 2.4 ஆம்பியர்-அவர் லித்தியம் செல் ஒன்றில் சுமார் 31,000 ஜூல் இருக்கிறது. காகிதக் கணக்கில் அது 50 ஆண்டைத் தாண்டும். செல் தானாக வடிவதைக் கழித்தாலும் பல ஆண்டு ஓடும். இந்த வேலைக்கு ஹார்வெஸ்டர் தேவையே இல்லை.

அதே சென்சார் 10 செகண்டுக்கு ஒரு முறை அனுப்பினால்? சராசரி 670 மைக்ரோவாட் ஆகிவிடும். அதே செல் ஒன்றரை ஆண்டில் காலி. நூற்றுக்கணக்கான சென்சார் உள்ள ஆலையில் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை ஏணி வைத்து ஏறி செல் மாற்ற ஆள் வேண்டும். ஹார்வெஸ்டர் விலை போவது இந்த இடத்தில்தான். ‘எங்கே தேவையில்லை’ என்று முதலில் சொல்லுங்கள். அடுத்து நீங்கள் சொல்வதை இன்டர்வியூ போர்டு கவனித்துக் கேட்கும்.

2. அளந்த பிறகே டிசைன்

பெரும்பாலான மாணவர்கள் முதலில் பீசோ டிஸ்க் (வளைந்தால் மின்சாரம் தரும் செராமிக் தட்டு) வாங்குவார்கள். பிறகு அதை ஆட்ட எதையாவது தேடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் அதிர்வை அளங்கள்.

ஊரிலேயே வேண்டிய மெஷின்கள் இருக்கின்றன. மாவு மில், மிளகாய் அரைக்கும் மில், நெல் அரவை மில் போதும். கடலோரம் போனால் ஐஸ் பிளான்ட் கம்ப்ரசர், விசைப்படகு டீசல் இன்ஜின். ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்க வேண்டிய அதிர்வெண்ணை முதலில் கையால் கணக்கிடுங்கள். 4 போல் மோட்டார் 1,480 ஆர்பிஎம்மில் ஓடினால் சுமார் 25 ஹெர்ட்ஸ். 2 போல் மோட்டார் சுமார் 49 ஹெர்ட்ஸ். ஆறு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்மில் ஓடினால் சுழற்சி 30 ஹெர்ட்ஸ், எரிதல் 90 ஹெர்ட்ஸ். அதன்பின் அளந்து ஒப்பிடுங்கள்.

கருவிக்குச் செலவு குறைவு. ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் ஆப் இலவசம். போன் சென்சாரை வைத்தே அதிர்வு ஸ்பெக்ட்ரம் காட்டும். ஆனால் போன் ஒரு செகண்டுக்கு 100 தடவை சாம்பிள் எடுத்தால், 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை நம்ப முடியாது. அதற்கு மெம்ஸ் ஆக்சிலரோமீட்டர் போர்டு ஒன்றை வாங்கி, போல்ட் போட்டு இறுக்கி அளங்கள்.

மில்காரரிடம் எப்படிக் கேட்பது? ‘அண்ணே, காலேஜ் புராஜெக்ட்’ என்றால் நாளை வரச் சொல்வார். ‘அண்ணே, மோட்டார் பேரிங் போகப் போறத முன்னாடியே சொல்ற கருவி செய்றேன், உங்க மோட்டாரை அளந்து பாத்துக்கட்டுமா?’ என்று கேளுங்கள். அவருடைய லாபத்தை முன்னால் வைத்தால் கதவு திறக்கும். மோட்டாரை நிறுத்திய பிறகே சென்சாரைப் பொருத்துங்கள். பெல்ட் பக்கம் கை வேண்டாம்.

3. ரெசனன்ஸைப் பிடியுங்கள்

ஊஞ்சலை அதன் தாளத்தோடு தள்ளினால்தான் உயரும். ஹார்வெஸ்டரும் அப்படித்தான். மெஷினின் அதிர்வெண்ணும் உங்கள் பீமின் இயல்பு அதிர்வெண்ணும் ஒத்துப்போனால் ஆட்டம் பல மடங்கு பெருகும்.

ஒரு முனை இறுக்கி, மறு முனையில் எடை வைத்த கான்டிலீவர் பீம்தான் இந்தத் துறையின் அரிச்சுவடி. நீளத்தை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு 25 சதவீதம் குறையும், அதிர்வெண் 13 சதவீதம் இறங்கும். அதிர்வெண்ணைப் பாதியாக்க எடையை நான்கு மடங்கு ஆக்க வேண்டும். எனவே பெரிய மாற்றத்துக்கு நீளம், நுண் டியூனிங்குக்கு எடை. முனையில் திருகில் நகரும் எடை ஒன்றை வைத்துவிட்டால், ஸ்பாட்டில் நின்று டியூன் செய்யலாம். அந்த ஒரு வசதி உங்கள் மாடலை லேப் பொம்மையிலிருந்து ஃபீல்டு டிவைஸாக மாற்றும்.

4. பவரை முடிவு செய்யும் நான்கு எண்கள்

1996-இல் வில்லியம்ஸ், யேட்ஸ் இருவரும் எழுதிய ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். அங்கிருந்து வளர்ந்த சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள். ரெசனன்ஸில், எலக்ட்ரிக்கல் டேம்பிங்கும் மெக்கானிக்கல் டேம்பிங்கும் சமமாக இருக்கும்போது, அதிகபட்ச பவர் = எடை × முடுக்கத்தின் வர்க்கம் ÷ (16 × மெக்கானிக்கல் டேம்பிங் ரேஷியோ × கோண அதிர்வெண்).

எண் போட்டுப் பாருங்கள். எடை 50 கிராம், முடுக்கம் 1 மீட்டர்/செகண்ட் வர்க்கம், டேம்பிங் 0.01, அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். விடை சுமார் 2 மில்லிவாட். அப்போது எடை ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிமீட்டர் ஆடும். பெட்டிக்குள் அந்த இடம் வேண்டும். சர்க்யூட்டில் 60 சதவீதம் இழந்தாலும் 0.8 மில்லிவாட் மிஞ்சும். முதல் படியில் 10 செகண்டுக்கு ஒரு முறை பேசிய சென்சார் கேட்டது 0.67 மில்லிவாட். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் முழு புராஜெக்ட்டும் ஒரே வரியில் வந்துவிடும்.

சூத்திரம் இன்னொன்றையும் சொல்கிறது. எடையை இரட்டித்தால் பவர் இரட்டிக்கும். முடுக்கத்தை இரட்டித்தால் பவர் நான்கு மடங்கு. ஆகவே டிசைனை மாற்றும் முன் மெஷினிலேயே அதிக அதிர்வுள்ள இடத்தைத் தேடுங்கள். மோட்டார் காலில் வைப்பதற்கும் பேரிங் ஹவுசிங்கில் வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் வரும். இடத்தை அளந்து தேர்வது செலவில்லாத முன்னேற்றம்.

எடைக்கு இடம் போதவில்லையா? இரும்பின் அடர்த்தி 7.85, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. அதே இடத்தில் இரண்டரை மடங்கு எடை. டேம்பிங்கைக் குறைக்க முதலில் கிளாம்ப்பைப் பாருங்கள். பசை போட்டு ஒட்டிய பீம் அடியில் நழுவித் தேய்ந்து சக்தியைத் தின்னும். தடித்த அடிப்பகுதியில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

5. லோடு மேட்ச் செய்யாதவர் பாதிக் கிணறு தாண்டியவர்

‘என் பீசோ 20 வோல்ட் கொடுத்தது’ என்று சொல்லாதீர்கள். லோடு இல்லாத வோல்ட்டேஜுக்கு மதிப்பு இல்லை. எந்த ரெசிஸ்டன்ஸில் எவ்வளவு பவர் என்ற கிராஃப்தான் பேசும்.

பீசோவில் தொடக்கப் புள்ளி எளிது. நல்ல லோடு என்பது, கோண அதிர்வெண்ணையும் பீசோவின் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கி 1-ஐ அதால் வகுத்தால் வருவது. 100 நானோஃபாரட், 25 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 64 கிலோ ஓம். அதற்கு மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து ரெசிஸ்டர் மாட்டி அளங்கள். காந்தமும் காயிலும் கொண்ட எலக்ட்ரோமேக்னெட்டிக் வகைக்கு லோடு பல மடங்கு குறைவாக இருக்கும்.

பிறகு ரெக்டிஃபையர். சாதாரண சிலிக்கான் பிரிட்ஜ் இரண்டு டையோடில் 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். உங்கள் காயில் 1 வோல்ட்தான் தருகிறது என்றால் வெளியே பூஜ்யம். ஷாட்கி டையோடோ வோல்ட்டேஜ் டபுளரோ போடுங்கள், அல்லது காயிலில் சுற்றைக் கூட்டுங்கள். ஆய்வுக் கட்டுரையில் மில்லிவாட் காட்டி ஃபீல்டில் ஒன்றும் காட்டாத ஹார்வெஸ்டர்கள் பலவும் இங்கேதான் தோற்றன.

6. சர்க்யூட்டில் ஒளிந்திருக்கும் லாபம்

மெக்கானிக்கல் படித்தவர்கள் பீமோடு நின்றுவிடுவார்கள், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் பீமைத் தொடமாட்டார்கள். இரண்டையும் தொடுபவருக்குப் போட்டி குறைவு.

பிரான்சின் லியோன் நகரில் டேனியல் கியோமார் குழு 2005-இல் காட்டிய உத்தியைப் படியுங்கள். பீம் உச்சத்தைத் தொடும் நொடியில் ஒரு ஸ்விட்ச்சும் இண்டக்டரும் பீசோவின் வோல்ட்டேஜைச் சட்டென்று எதிர்ப்பக்கம் புரட்டிவிடும். பீசோவின் பிணைப்பு (கப்ளிங்) பலவீனமாக இருக்கும் ஹார்வெஸ்டரில் பவர் பல மடங்கு உயரும். பிணைப்பு ஏற்கெனவே வலுவாக இருந்தால் லாபம் சுருங்கிவிடும். ‘எப்போது உதவாது’ என்ற இந்தப் பகுதியைத்தான் இன்டர்வியூவில் கேட்பார்கள். இரண்டையும் படித்துக்கொண்டு போங்கள்.

முதல் மாடலுக்கு ரெடிமேட் சிப் போதும். எல்டிசி3588-1 ரெக்டிஃபையரும் கன்வெர்ட்டரும் சேர்ந்தது, காத்திருக்கும்போது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். ஸ்டோரேஜையும் கணக்குப் போடுங்கள். 6.6 மில்லிஜூல் வேண்டும், கெப்பாசிட்டர் 5 வோல்ட்டிலிருந்து 3.5-க்கு இறங்கலாம் என்றால் சுமார் 1,000 மைக்ரோஃபாரட் தேவை. 2,200 போட்டால் மார்ஜின் கிடைக்கும். பெரிதாகப் போட்டுவிட்டால் முதல் தடவை நிரம்பவே நேரமாகும், லீக்கேஜும் கூடும்.

7. பேண்ட்விட்த்: லேபில் ஜெயித்தவர் ஃபீல்டில் தோற்கும் இடம்

இதைப் புரிந்துகொண்டவர் முந்திவிடுவார். 2 போல் இண்டக்ஷன் மோட்டார் சும்மா ஓடும்போது 2,990 ஆர்பிஎம், முழு லோடில் 2,900 என்று வையுங்கள். அதிர்வெண் 49.8 ஹெர்ட்ஸிலிருந்து 48.3-க்கு இறங்குகிறது. ஒன்றரை ஹெர்ட்ஸ்தானே என்று விடாதீர்கள். மொத்த டேம்பிங் 0.02 உள்ள ஹார்வெஸ்டரை 49.8-இல் டியூன் செய்திருந்தால், முழு லோடில் கிடைப்பது உச்ச பவரில் 30 சதவீதம் மட்டுமே. நடுவில், 49-இல், டியூன் செய்தால் இரண்டு முனையிலும் சுமார் 60 சதவீதம் கிடைக்கும். மில் பெரும்பாலும் அரைத்துக்கொண்டே ஓடும் என்றால் லோடு வேகத்துக்கே டியூன் செய்யுங்கள். மெஷின் நாள் முழுக்க எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இந்த முடிவை எடுக்க முடியும்.

அதற்கு மேலும் அகலம் வேண்டுமென்றால் வழிகள் உண்டு. வெவ்வேறு நீளத்தில் பல பீம் வைக்கலாம். காந்தங்களை எதிரெதிரே வைத்து, பீம் இரண்டு நிலைகளுக்கு இடையே தாவும்படி செய்யலாம். இந்த நான்லீனியர் வழியை 2009-இல் கொட்டோனே குழுவும், எர்டுர்க் குழுவும் தனித்தனியே காட்டினார்கள். ஆனால் அதிர்வு பலவீனமாக இருந்தால் பீம் ஒரு பக்கமே சிக்கிக்கொள்ளும், தாவாது. ஒரே வேகத்தில் ஓடும் மெஷினுக்கு நான்லீனியர் டிசைன் வீண் செலவு. ஃபேஷனுக்காக எதையும் சேர்க்காதீர்கள். அளந்த ஸ்பெக்ட்ரம் கேட்டால் மட்டும் சேருங்கள்.

8. பாம்பனை உங்கள் கேஸ் ஸ்டடி ஆக்குங்கள்

உங்கள் மாவட்டத்திலேயே உலகம் அறிந்த இன்ஜினியரிங் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 18.3 மீட்டர் ஸ்பான் 99, செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி ஒன்று. இங்கே ஒரு ஸ்பானில் ஹார்வெஸ்டர் வைத்தால் என்ன கிடைக்கும்? கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊர்க்காரர் கையில் இது இருக்காது.

20 பெட்டி ரயிலின் நீளம் சுமார் 480 மீட்டர். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு ஸ்பானைக் கடக்க 24 செகண்ட். கணக்குக்காக அதிர்வெண் 5 ஹெர்ட்ஸ், முடுக்கம் 0.1 மீட்டர்/செகண்ட் வர்க்கம், டேம்பிங் முன்பு போலவே 0.01 என்று எடுங்கள். 50 கிராம் எடைக்குக் கிடைப்பது 0.1 மில்லிவாட். 24 செகண்டில் 2.4 மில்லிஜூல். ஒரு மெசேஜுக்கு 6.6 வேண்டும். இழப்பைக் கழித்தால் ஏழு ரயில் போனால்தான் ஒரு மெசேஜ்.

இப்போது முன்னேற்றுங்கள். பாலத்தில் எடைக்குத் தட்டுப்பாடு இல்லை. 500 கிராம் வைத்தால் 24 மில்லிஜூல், இழப்பு போக சுமார் 10. ஒரு ரயிலுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடலாம். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அடுத்த ரயில் இரண்டு மணி நேரம் கழித்து என்றால், அந்த இடைவெளியில் ஸ்லீப் கரண்ட் 2 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே 47 மில்லிஜூலைத் தின்றுவிடும். ஹார்வெஸ்டரை மெருகேற்றி மட்டும் இந்த ஓட்டையை அடைப்பது கடினம். சென்சார் முழுதாக ஆஃப் ஆகி, ரயில் அதிர்வே அதை எழுப்ப வேண்டும். பாலத்தில் செய்ய வேண்டிய முன்னேற்றம் பீமில் இல்லை, சென்சாரைத் தூங்க வைக்கும் முறையில் இருக்கிறது. இந்த முடிவுக்கு நீங்களே கணக்குப் போட்டு வந்தீர்கள் என்று போர்டில் எழுதிக் காட்டினால், ரெஸ்யூமேயின் மற்ற வரிகளை யாரும் கேட்கமாட்டார்கள்.

வெளி உலகத்தையும் சேருங்கள். நெடுஞ்சாலைப் பாலங்களில் ஹார்வெஸ்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று ஷேக் ஃபரூக் அலி, ஃபிரிஸ்வெல், அதிகாரி மூவரும் 2011-இல் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். 2004-இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த பெர்பெச்சுவம் நிறுவனம் ஹார்வெஸ்டரை ரயில் பெட்டியின் அடியில், சக்கரப் பேரிங் பக்கத்தில் வைத்தது. பாலத்தில் அதிர்வு 24 செகண்ட், சக்கரத்தில் ரயில் ஓடும் நேரமெல்லாம். 2021-இல் ஹிட்டாச்சி ரயில் அந்த நிறுவனத்தையே வாங்கியது. அதிர்வு இருக்கும் இடத்துக்குப் போனவரிடம்தான் வாடிக்கையாளர் வந்தார்.

9. உப்புக் காற்றில் ஆறு மாதம் நிற்குமா?

மண்டபம், பாம்பன் கடலோரத்தில் அரிப்பு சாதாரண விஷயமல்ல. புதிய பாலத்துக்கே ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட்டும் போட வேண்டியிருந்தது. உங்கள் ஹார்வெஸ்டருக்கும் அதே மரியாதை வேண்டும்.

நியோடிமியம் காந்தம் பூச்சு இல்லாவிட்டால் துருவேறி உதிரும். சாதாரண கிரேடு 80 டிகிரிக்கு மேல் காந்தத் தன்மையை இழக்கத் தொடங்கும், ஆகவே இன்ஜின் அறைக்கு உயர் கிரேடு வாங்குங்கள். பீசோ செராமிக் கண்ணாடி போல உடையக்கூடியது. பீம் அளவுக்கு மேல் வளையாதபடி ரப்பர் ஸ்டாப்பர் வையுங்கள். சர்க்யூட் போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் போடுங்கள். முதல் நாள் பவரையும் மூன்று மாதத்துக்குப் பின் வந்த பவரையும் ஒரே கிராஃபில் காட்டுங்கள். காரைக்குடியில் மின்வேதியியலுக்கும் அரிப்பு ஆய்வுக்கும் பெயர்பெற்ற மத்திய ஆய்வகமான செக்ரி இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் தூரமில்லை.

10. எண்ணைச் சொல்லும் ஒழுக்கம்

‘5 மில்லிவாட் எடுத்தேன்’ என்பது முழு வாக்கியம் அல்ல. எந்த முடுக்கத்தில், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு பருமனில், பீக்கா சராசரியா, ரெக்டிஃபையருக்கு முன்னா பின்னா? இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு எண். லேபில் அதிர்வு தரும் ஷேக்கரில் உலுக்கி எடுத்த பெரிய எண்ணைவிட, மில் மோட்டாரில் எட்டு மணி நேரம் எடுத்த சின்ன எண்ணுக்கே மதிப்பு. கம்பெனி அதற்குத்தான் சம்பளம் கொடுக்கும்.

இந்தப் பழக்கங்களை இன்றே தொடங்குங்கள்.

லேப் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். டீம் புராஜெக்ட்டில் எந்த அளவீடு யாருடையது என்று அன்றன்றே பெயர் போடுங்கள். கடைசியில் கிரெடிட் கேட்டுச் சண்டை போடுவது உங்கள் மதிப்பைத்தான் குறைக்கும், நோட்டில் உள்ள பெயர் பேசட்டும்.

டூல்கள் குறைவாக, ஆழமாக இருக்கட்டும். சர்க்யூட்டுக்கு எல்டிஸ்பைஸ், போர்டுக்கு கிகேட், டேட்டாவுக்குப் பைத்தான். மூன்றும் இலவசம். புத்தகம் என்றால் எர்டுர்க்கும் இன்மேனும் பீசோ ஹார்வெஸ்டிங் பற்றி 2011-இல் எழுதியது.

புது ஐடியா இருந்தால் பேப்பர் போடும் முன் பேடன்ட் பற்றி யோசியுங்கள். முதலில் வெளியிட்டுவிட்டால் பெரும்பாலும் புதுமை என்ற உரிமை போய்விடும். தனிநபர் ஆன்லைனில் புரொவிஷனல் விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் தர 12 மாத அவகாசம் உண்டு.

11. கதவைத் தட்டும் முறை

சென்னையில் ஐஐடி மெட்ராஸ் அப்ளைடு மெக்கானிக்ஸ் துறை, தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகமான எஸ்இஆர்சி, பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஓடி. இவற்றில் புராஜெக்ட் அசோசியேட் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். தனியார் பக்கம் ப்ரிடிக்டிவ் மெயின்டனன்ஸ் நிறுவனங்கள், ரயில்வேக்கு சப்ளை செய்பவர்கள், மோட்டார், பம்ப் தயாரிக்கும் கம்பெனிகள். அங்கே ‘ஹார்வெஸ்டர் இன்ஜினியர்’ என்ற பதவியைத் தேடாதீர்கள். வைப்ரேஷன், லோ பவர் எம்பெடட், கண்டிஷன் மானிட்டரிங் என்று தேடுங்கள். ஹார்வெஸ்டர் செய்தவருக்கு மூன்றும் தெரிந்திருக்கும்.

மெயில் பத்து வரியைத் தாண்டக் கூடாது. முதல் வரியில் உங்கள் எண். இரண்டாவது வரியில் அது எந்த மெஷினில், எத்தனை மணி நேரம். அட்டாச்மென்ட் ஒரே பக்கம், ஒரே கிராஃப். ‘ஃபாஸ்ட் லேர்னர்’, ‘ஹார்டு ஒர்க்கர்’ போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவரா? ஆங்கிலம் தடுமாறும் என்று பயந்து வாய் மூடாதீர்கள். 90 செகண்டில் சொல்லக்கூடிய விளக்கம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: பிரச்சினை, அளவீடு, டிசைன், எண், எங்கே வேலை செய்யாது. இந்த ஐந்து வரி சரளமாக வந்தால் போதும். மீதியைப் போர்டில் வரைந்து காட்டுங்கள். சர்க்யூட் வரையும் கை இலக்கணப் பிழையை மறக்கச் செய்யும்.

மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம் அளவீடு மட்டும். குறைந்தது மூன்று மெஷின், ஒவ்வொன்றிலும் லோடோடும் லோடில்லாமலும். இரண்டாம் மாதம் பீம், லோடு ஸ்வீப், ரெக்டிஃபையர். மூன்றாம் மாதம் மெஷினில் பொருத்தி ஓட விட்டு, சென்சார் உண்மையில் மெசேஜ் அனுப்பிய எண்ணிக்கையைப் பதிவு செய்யுங்கள். நான்காம் மாதம் அப்ளை செய்யத் தொடங்குங்கள்.

போட்டியில் உங்களைவிடப் பெரிய காலேஜ் பெயர் கொண்டவர்கள் இருப்பார்கள், விலை உயர்ந்த ஷேக்கர் உள்ள லேபிலிருந்து வருபவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் இருக்கும் எண் மேஜையில் எடுத்தது. ஓடும் மெஷினில் எடுத்த எண்ணை நீங்கள் கொண்டு போங்கள். ஒரு சென்சாரைப் பேட்டரி இல்லாமல் நாள் முழுக்க ஓட்டிக் காட்டியவரை வேலைக்கு எடுப்பது, எடுப்பவருக்கே லாபம். அந்த லாபத்தை எண்ணால் காட்டுங்கள், சம்பளத்தையும் அந்த எண்ணை வைத்தே பேசுங்கள்.